கடலூர் மாடியில் சதுப்புச் சைப்ரஸ் போன்சாய்: அடிமரத்தில் தொடங்கி தட்டை உச்சி வரை

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர். பெங்களூரு நர்சரி ஒன்றில் வாங்கிய சதுப்புச் சைப்ரஸ் கன்று அவருடைய மொட்டை மாடியில் இருக்கிறது. நாலடி உயரம், அடியில் கட்டைவிரல் பருமன். வாங்கிய பையிலேயே இன்னும் நிற்கிறது. போன வைகாசியில் இலை நுனியெல்லாம் கருகிவிட்டதாம். அவர் கேட்பது இவை: இந்த மரம் நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா, தண்ணீருக்குள்ளேயே வைக்க வேண்டுமா, எப்போது வெட்டி எந்த வடிவத்துக்குக் கொண்டுபோவது, படங்களில் மரத்தைச் சுற்றி மண்ணுக்கு மேலே முட்டி முட்டியாக எழும்பித் தெரிகிற முட்டி வேர் தொட்டியில் வருமா?

வெயிலை நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்த மரத்தின் சொந்த நிலம் அமெரிக்காவின் தென்கிழக்கு: லூசியானா, மிசிசிப்பி ஆற்றுப் படுகை, புளோரிடா. புளோரிடாவின் தெற்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு வரைக்கும் தானாக முளைத்து வளர்கிறது. அங்கேயும் கோடை புழுக்கம்தான், உறைபனி அபூர்வம்தான். சூடும் ஈரக்காற்றும் அதற்குப் பழக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் இதைப் படுத்துவது வேறு இரண்டு: தண்ணீரில் இருக்கிற உப்பு, வருஷம் முழுக்க ஓய்வே கிடைக்காத பருவம். இந்த இரண்டையும் நாம் பார்த்துக்கொண்டால் மற்றதை மரம் பார்த்துக்கொள்ளும்.

உப்பிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் கன்றின் கருகலுக்கு அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். சதுப்பு மரம் என்றவுடன் நம் பக்கத்து ஆட்களுக்குப் பிச்சாவரம்தான் கண்ணுக்கு வரும். அங்கே இருக்கிற சுரபுன்னையும் வெண்கண்டலும் உவர்நீரைத் தாங்குவதற்கென்றே உடம்பு அமைந்தவை. சதுப்புச் சைப்ரஸ் நன்னீர்ச் சதுப்பின் மரம். லூசியானாவில் கடல்நீர் உள்ளே ஏறிய பகுதிகளில் இந்த மரங்கள் காடு காடாகப் பட்டுப்போய் வெறும் கட்டைகளாக நிற்கின்றன. கடலோரத்து போர் தண்ணீரை நாள்தோறும் ஊற்றும்போது, தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஊற்றுகிறோம், உப்பும் இரண்டு மடங்கு சேர்கிறது. இலையின் ஓரமும் நுனியும் முதலில் காய்வது அதனால்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி உங்கள் தண்ணீரைப் பாருங்கள், விலை அதிகமில்லை. 500க்குக் கீழே காட்டினால் யோசிக்காமல் ஊற்றலாம். 1000ஐத் தாண்டினால் நான் இந்த மரத்துக்கு அதை ஊற்ற மாட்டேன். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வீணாகப் போகிறதே என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள், ஆனால் உப்பு முழுவதும் திரண்டு இருப்பது அதில்தான். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நல்லது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. எல்லாவற்றையும்விட நல்லது ஐப்பசி, கார்த்திகை மழை. மாடியில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைத்து, மூடி போட்டுப் பிடித்து வைத்தால், கோடையில் வாரம் ஒரு முறையாவது அந்த நீரால் தொட்டியை நன்றாக அலசி வடிய விடலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை, புது இலை மஞ்சளாக வெளிறிப்போவது. இந்த மரத்துக்கு லேசான அமிலத் தன்மையுள்ள மண் பிடிக்கும். சுண்ணாம்பு கலந்த கடின நீர் தொடர்ந்து போனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. உரக்கடையில் இரும்புச் சத்து என்று கேட்டால் பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ. வகையைத் தருவார்கள். காரத் தன்மை ஏறிய மண்ணில் அது நிற்காது. ஈ.டி.டி.எச்.ஏ. வகை என்று குறிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஓய்வு. ஊசியிலை மரக் குடும்பத்தில் இலை உதிர்ப்பவை மிகச் சில, இது அவற்றில் ஒன்று. இலையை மட்டும் தனியாக உதிர்க்காது, இலைகள் வரிசையாகப் பிடித்திருக்கும் சிறு ஈர்க்கோடு சேர்த்து உதிர்க்கும். அதன் ஊரில் குளிர் வரும்போது பகலும் சுருங்குகிறது. லூசியானாவில் மார்கழிப் பகல் ஏறக்குறைய 10 மணி நேரம்தான். நமக்கு அந்த மாதத்திலும் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது, இரவும் 20 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. அதனால் மரத்துக்கு இலையைக் கொட்டவா வேண்டாமா என்று தெளிவாகத் தெரிவதில்லை. பாதி இலை செம்பழுப்பாகத் தொங்கும், பாதி பச்சையாக நிற்கும், இரண்டுக்கும் நடுவில் அங்கங்கே புது மொட்டு வெடிக்கும். அப்படியே விட்டால் தளிர் ஒரே வீச்சில் வராது, கிளைகள் சோர்ந்துபோகும்.

அந்தக் குளிர்காலத்தை நாம்தான் கையால் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். புரட்டாசி முடிந்ததும் உரத்தை நிறுத்திவிடுங்கள். மழைக்காலம் அதன் போக்கில் போகட்டும். மார்கழிக் கடைசியிலோ தை முதல் வாரத்திலோ, மழை ஓய்ந்து காற்று காய்ந்திருக்கும் நாளில், எல்லா இலையையும் எடுத்துவிடுங்கள். பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் கூடவே பட்டை உரியும், கணுவில் இருக்கிற மொட்டும் போய்விடும். கூர்மையான சிறு கத்தரியால் ஈர்க்கின் அடியில் கொஞ்சம் விட்டு நறுக்குங்கள், மிச்சம் தானாகக் காய்ந்து விழும். கன்று சின்னதாக இருக்கும்போது ஒரு காலை வேலைதான் இது. வளர்ந்த மரத்துக்கு ஒரு நாள் பிடிக்கும், ஆனால் அன்றைக்குத்தான் மரத்தின் எலும்புக்கூடு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். வெட்டு, வேர் வேலை, மண் மாற்றம், பெரிய கிளைகளுக்குக் கம்பி கட்டுவது எல்லாம் இந்த ஒரே இடைவெளியில். மாசியில் மொட்டுகள் ஒன்றாகத் திறந்து பச்சைப் புள்ளிகளாக வெளியே வரும்.

இங்கே ஒரு சின்னக் குறிப்பு. நர்சரிகளில் டாக்சோடியம் என்ற ஒரே பெயரில் இரண்டு மரங்கள் கிடைக்கலாம். ஒன்று டாக்சோடியம் டிஸ்டிகம், நாம் பேசிக்கொண்டிருக்கும் சதுப்புச் சைப்ரஸ். இன்னொன்று மெக்சிகோவின் மான்டெசுமா சைப்ரஸ். ஓவாக்கா பக்கம் சாந்தா மரியா தெல் தூலே ஊரில் அடிமரச் சுற்றளவு 40 மீட்டரைத் தாண்டி நிற்கிற புகழ்பெற்ற மரம் அந்த இனம்தான். அது வெப்பமான இடங்களில் இலையை ஒரேயடியாகக் கொட்டாது. உங்களிடம் இருப்பது அதுவாக இருந்தாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஓய்வு விஷயத்தில் நமக்குத் தொல்லை குறைவு. கீழே சொல்கிற வடிவ வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

சரி, தண்ணீருக்குள் வைக்க வேண்டுமா? உயிர் பிழைக்க அது அவசியமில்லை. நல்ல மண்ணில், காயவிடாமல் நீர் ஊற்றினால் மற்றச் செடிகளைப் போலவே வளரும். ஆனால் இந்த மரத்தின் அழகே அடியில் இருக்கிறது. அடிப்பாகம் விரிந்து, வரி வரியாகப் புடைத்து, மேலே போகப் போகக் குறுகிவரும் அந்தத் தோற்றத்தை உண்டாக்குவது தண்ணீர்தான். குர்ட்ஸ், டெமரீ என்ற இரு ஆய்வாளர்கள் 1934இல் இதைப் பற்றி எழுதினார்கள். எந்த உயரத்தில் அடிமரத்தில் நீரும் காற்றும் சேர்ந்து படுகிறதோ அந்த உயரத்தில்தான் புடைப்பு வருகிறது என்பது அவர்கள் கண்டது. வருஷத்தில் பெரும்பகுதி ஆழமான நீரில் நிற்கும் மரத்தின் புடைப்பு ஆளுயரத்துக்கு மேலே இருப்பதும் இதனால்தான்.

இதைத் தொட்டிக்குப் பொருத்திப் பார்த்தால் வழி தானாகத் தெரிகிறது. நிறையத் துளை போட்ட ஒரு வளர்ப்புத் தொட்டியில் கன்றை நட்டு, அதை அகலமான பிளாஸ்டிக் டப்புக்குள் வையுங்கள். மண் மட்டத்துக்கு மேலே ஒன்று அல்லது இரண்டு விரல்கிடை தண்ணீர் நிற்கட்டும். பிறகு அது மண் மட்டம் வரை இறங்கட்டும், மறுபடி நிரப்புங்கள். ஏறி இறங்குவதுதான் வேலை செய்கிறது. ஒரு அடி ஆழத்தில் முக்கி வைத்தால் புடைப்பு நமக்கு வேண்டாத உயரத்தில் வரும், போன்சாயின் அளவே கெட்டுவிடும். மாசிக் கடைசியிலிருந்து மழைக்காலம் வரை டப்புக்குள் இருக்கலாம். வேர் வெட்டிய மரத்தை மட்டும் உடனே நீரில் இறக்க வேண்டாம், புதுத் தளிர் நன்றாக ஓடும் வரை, ஒரு மாதம் போல, வெளியே வைத்து வழக்கமாக நீர் ஊற்றுங்கள்.

மாடியில் இந்த டப் இன்னொரு நன்மையும் செய்கிறது. அக்னி நட்சத்திரத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் பக்கச் சுவர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், அந்தப் பக்கத்து வேர் வெந்துபோகும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அந்தச் சூடு ஏறாது. டப்பை நேரடியாகத் தளத்தின் மேல் வைக்காமல் இரண்டு வரிசைச் செங்கல் மேல் வையுங்கள். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் மட்டும் 50 சதவீத நிழல் வலை போதும். மற்ற மாதங்களில் முழு வெயில் வேண்டும், நிழலில் வளர்ந்தால் கிளைகள் நீண்டு மெலிந்துவிடும்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தெளிந்து நிற்கும் தண்ணீரைத்தான் தேடி வரும். கப்பி மீன் நாலைந்து விட்டுவிடுங்கள், புழுவைத் தின்று தீர்த்துவிடும். மீன் இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை டப்பை முழுவதும் கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் வெறுமனே தண்ணீர் மாற்றுவது போதாது. உரம் போடும்போதும் மீனை நினைவில் வையுங்கள். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினால் டப் நாறிவிடும், மீனும் செத்துவிடும். மெதுவாகக் கரையும் உருண்டை உரத்தை மேல்மண்ணில் புதைப்பது சரியாக வரும். இந்த மரத்துக்குப் பசி அதிகம், அடி பெருக்க வேண்டிய காலத்தில் உரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மண்ணைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பண்ருட்டிச் செம்மண் பலாவுக்கும் முந்திரிக்கும் தங்கம், ஆனால் அதை மட்டுமே தொட்டியில் நிரப்பினால் ஒரு வருஷத்தில் இறுகிக் கல்லாகிவிடும். செங்கல்லை உடைத்துச் சலித்த கடலைப்பருப்பு அளவுத் துண்டுகள் பாதி, தூசி சலித்த எம்-சாண்ட் கால், கழுவிய தேங்காய் நார்த்தூளும் மட்கிய இலை உரமும் சேர்ந்து கால் என்ற கலவை நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது. நார்த்தூளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் போடாதீர்கள், அதிலும் உப்பு இருக்கும்.

இனி வடிவம். உங்கள் கன்றை இப்போதே வெட்ட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். வெட்டாதீர்கள். கட்டைவிரல் பருமனில் வெட்டினால் கடைசி வரை அது குச்சியாகவேதான் இருக்கும், ஏனென்றால் அடி பெருப்பதற்கு மேலே இருக்கிற இலைக்கூட்டம்தான் காரணம். உச்சியை விடுங்கள், எட்டடி பத்தடி போகட்டும். கீழ்க்கிளைகளையும் விடுங்கள். அவை இறுதி வடிவத்தில் இருக்கப்போவதில்லை, அடியைத் தடிக்க வைப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. மாடியில் பத்தடி உயரம் என்றால் ஆடிக் காற்றை யோசிக்க வேண்டும். அம்மியையே நகர்த்துகிற காற்று என்று சும்மா சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரில் மூன்று பக்கம் இழுத்துக் கட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியோடு சாய்த்துப் படுக்க வைத்துவிடுவதுதான் பாதுகாப்பு. புயல் கடந்ததும் கடல் உப்பு படிந்த இலையை நல்ல தண்ணீரால் அலசுங்கள். தோட்டம் இருக்கிற உறவினர் வீடு ஏதாவது இருந்தால் தரையில் நடுவது இன்னும் விரைவு. அடியில் ஒரு தட்டை ஓடு வைத்து அதன் மேல் வேரைப் பரப்பி நட்டால் ஆணிவேர் கீழே இறங்காது, பக்கவேர் சுற்றிலும் விரியும்.

அடி 6 அல்லது 7 சென்டிமீட்டர் பருமன் ஆனபோது வெட்டுக் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். நன்றாக உரம் போட்டால் நம் நீண்ட வளர்பருவத்தில் மூன்று நான்கு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருமனுக்கு முடிவான உயரம் 70 சென்டிமீட்டர் அளவில் இருக்கலாம். மற்ற இனங்களில் அடியைப்போல் ஆறு மடங்கு உயரம் என்று சொல்வார்கள். இந்த மரத்துக்கு அது குட்டை. நெடுநெடுவென்று நிற்பதுதான் இதன் இயல்பு, பத்து மடங்கு வரை போகலாம்.

தை மாதத்தில், இலை எடுத்த கையோடு, 45 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே ரம்பத்தால் நேராக வெட்டுங்கள். இந்த இனத்தின் பெரிய வரம் என்னவென்றால், பழைய மரத்திலிருந்தும் மொட்டு விடும். வெட்டுக்குக் கீழே கொத்துக் கொத்தாக மொட்டு வெடிப்பதை மாசியில் பார்ப்பீர்கள். ஒரு மாதம் பொறுத்து, வெட்டுக்கு மிக அருகில் இருக்கும் வலுவான ஒன்றைப் புதிய உச்சியாகத் தேர்ந்தெடுத்து, இளசாக இருக்கும்போதே கம்பி கட்டி நிமிர்த்துங்கள். அதற்குப் போட்டியாக வருபவற்றைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அடுத்த தையில், புதிய உச்சியின் அடியிலிருந்து எதிர்ப்பக்கம் சரிவாக இறங்கும்படி வெட்டு முகத்தைச் செதுக்குங்கள். சரிவு நீளமாக, நடுவில் லேசாகக் குழிந்திருக்க வேண்டும். இந்த மரத்தின் காயம் மூடும்போது ஓரம் மடித்துப் பருக்கும், குழி வைக்காவிட்டால் அந்த இடம் கழலை மாதிரி தெரியும். ஓரங்களைக் கூர்கத்தியால் மழமழப்பாக்கி காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசினால் போதும். காய முகம் பின்பக்கம் வருமாறு முன்பக்கத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

புதிய உச்சியை வளர விட்டு, அது வெட்டிய இடத்துப் பருமனில் மூன்றில் இரண்டு பங்குக்கு வந்ததும் மறுபடி குட்டையாக வெட்டி, இன்னொரு உச்சி. கீழே தடித்து மேலே மெலியும் அந்தச் சரிவு இப்படித்தான் படிப்படியாகக் கிடைக்கும். இரண்டாவது பகுதி முதல் பகுதியைவிடக் குட்டையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இப்போது எந்த வடிவம் என்ற கேள்வி. இங்கே நான் ஒரு பக்கம் சாய்ந்தே பேசுகிறேன். பெரும்பாலானோர் இந்த மரத்தைக் கூம்பு வடிவத்தில், கிறிஸ்துமஸ் மரம்போலச் செய்துவிடுகிறார்கள். இளம் சைப்ரஸ் அப்படித்தான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் முதிர்ந்த சைப்ரஸ் அப்படி இல்லை. வயதாகும்போது உச்சியின் வேகம் அடங்கி, கீழ்க்கிளைகள் நிழலில் பட்டு உதிர்ந்து, மேலே இருக்கும் ஒரு சில கனத்த கிளைகள் மட்டும் அகலமாகப் பரவி, தலை தட்டையாகிவிடுகிறது. அந்தத் தலையைத் திருத்துவதில் சூறாவளிக்கும் பங்கு உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலுக்குப் பிறகு நம் தோப்புகளில் தப்பி நின்ற மரங்கள் எப்படி உச்சி முறிந்து, பக்கத்துக்குப் பக்கம் புதுக் கிளை விட்டு எழுந்தன என்று பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிப் புயல்களைத் தலைமுறை தலைமுறையாக வாங்கிய மரங்கள் அங்கே நிற்கின்றன. வட கரோலினாவின் பிளாக் ஆற்றில் நிற்கும் ஒரு சைப்ரஸின் வளையங்களை எண்ணி அதற்குக் குறைந்தது 2,624 வயது என்று 2019இல் வெளியிட்டார்கள். அவ்வளவு முதுமையைக் காட்ட வேண்டிய மரத்துக்குக் கூம்புத் தலை பொருந்துவதில்லை.

இந்தத் தட்டை உச்சி வடிவத்தைப் போன்சாயில் நிலைநிறுத்தியவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த வான் பேன்டிங். ஜப்பானிய வடிவங்களின் அச்சில் இதை அடைக்காமல், தன் ஊர்ச் சதுப்பில் நிற்கும் மரத்தைப் பார்த்துச் செய்தார். நமக்கு இது ஒரு நல்ல பாடமும்கூட. அரசுக்கும் ஆலுக்கும் புளிக்கும் ஜப்பானியப் பைன் வடிவத்தைக் கொடுக்கத் துடிக்கிற நம் ஆட்கள், முதலில் நம் ஏரிக்கரையில் நிற்கும் மரத்தைப் பார்க்க வேண்டும்.

தட்டை உச்சியை அமைக்கும் முறை இது. அடிமரத்தின் கீழ் மூன்றில் இரண்டு பங்கு ஏறக்குறைய வெறுமையாக இருக்கட்டும். அதன் மேலே மூன்று அல்லது நான்கு முதன்மைக் கிளைகள், ஒரே உயரத்தில் சக்கர ஆரம்போல இல்லாமல் சற்று ஏற்ற இறக்கமாகப் புறப்பட வேண்டும். ஒவ்வொன்றும் அடிமரத்திலிருந்து சுமார் 45 டிகிரி கோணத்தில் மேல்நோக்கி எழுந்து, போகப் போகப் படுத்து, நுனியில் கிடைமட்டமாக விரிய வேண்டும். உச்சிக்குத் தனியாக ஒரு தலை கிடையாது, அடிமரமே கடைசியில் ஒரு கிளையாகப் பிரிந்து மறைந்துவிடும். கீழே வெறுமையான பகுதியில் ஒன்றிரண்டு மெலிந்த சின்னக் கிளைகளை வைக்கலாம். அவை பிற்காலத்தில் அடிமரத்திலிருந்து முளைத்தவைபோலத் தெரிய வேண்டும், அதனால் இளசாக, குட்டையாக, லேசாகத் தொங்கினாற்போல இருக்கட்டும். அவை தடித்துவிட்டால் பொருத்தம் போய்விடும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வெட்டிவிட்டுப் புதியவற்றை விடுங்கள்.

கம்பி விஷயத்தில் கவனம் வேண்டும். அலுமினியக் கம்பி போதும். இந்த மரத்தின் பட்டை மென்மையானது, பருவம் ஓடும்போது கிளை சட்டென்று பெருக்கும். பங்குனியில் கட்டிய கம்பி மூன்று நான்கு வாரத்தில் பட்டைக்குள் இறங்கத் தொடங்கிவிடும். வாரா வாரம் பாருங்கள், அழுத்தம் தெரிந்ததும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். ஒரு தடவையில் கிளை நிற்காது, மேல்நோக்கித் திரும்பப் போகும். கம்பி சுற்றிக் கிளையை இறக்குவதை மறுபடி மறுபடி செய்ய வேண்டியதுதான். தடித்த கிளையைக் கம்பியால் சுற்றாமல், தொட்டியின் ஓரத்திலிருந்து நூல்போல இழுத்துக் கட்டுவது காயமில்லாத வழி.

கிளைகள் அமைந்தபின் நுனி கிள்ளும் வேலை. இந்த மரத்தின் சக்தி எப்போதும் மேலே ஓடும், கீழே இருப்பதை மறந்துவிடும். ஆகவே மேல் கிளைகளின் புதுத் தளிரை இரண்டு மூன்று சென்டிமீட்டரில் கிள்ளுங்கள், கீழ்க்கிளைகளை நீள விட்டு அப்புறம் வெட்டுங்கள். ஈர்க்கு ஈர்க்காக உதிரப் போகும் தளிர் எது, கிளையாக நிலைக்கப் போகும் தளிர் எது என்று பழகிக்கொள்ளுங்கள். உதிரும் ஈர்க்கில் கணு மொட்டு இருக்காது, நிலைக்கும் தளிர் கொஞ்சம் உருண்டு, பக்கத்தில் சிறு மொட்டுகளோடு பழுப்பேறும். ஒரு கணுவிலிருந்து நாலைந்து தளிர் கிளம்பினால் இரண்டை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அப்போதே எடுங்கள். விட்டுவைத்தால் அந்த இடம் முடிச்சாகப் பருக்கும். அடிமரம் தடிக்க வேண்டிய ஆண்டுகளில் மட்டும் கிள்ளுவதே கூடாது.

வைகாசியில் இலை அசிங்கமாகக் கருகிவிட்டால், மரம் வலுவாக இருக்கும் பட்சத்தில், ஆடியில் ஒரு முறை இலையை முழுவதும் நறுக்கி எடுத்தால் புதிதாகச் சின்ன இலை வரும். அடிமரம் சோர்ந்திருக்கும் மரத்துக்கும், அந்த வருஷம் வேர் வெட்டிய மரத்துக்கும் இதைச் செய்யாதீர்கள். காய்ந்த மாதங்களில் இலை சாம்பல் பூத்தாற்போல மங்கினால் அடிப்பக்கத்தைப் பாருங்கள், செம்பேன் என்ற பொடிப் பூச்சி இருக்கும். காலையில் குழாயால் இலையின் அடிப்பக்கத்தைப் பலமாகக் கழுவுவதே பாதி மருந்து. மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள்.

முட்டி வேரைப் பற்றிக் கேட்டீர்கள். அது எதற்காக வருகிறது என்பதில் ஆய்வாளர்களிடம் இன்னும் முடிவான ஒருமித்த கருத்து இல்லை. பிச்சாவரத்தில் வெண்கண்டலைச் சுற்றிப் பென்சில் பென்சிலாக நிற்கிறதே, அந்த மூச்சுவேருக்குள் காற்று ஓடும் பஞ்சுபோன்ற திசு இருக்கிறது. சைப்ரஸ் முட்டியில் அப்படி ஒரு திசு கிடையாது, அதை வெட்டி எடுத்தாலும் மரம் வாடுவதில்லை. வேருக்குக் காற்று கொடுக்கிறது என்போரும், நிலைநிற்க உதவுகிறது என்போரும் இருக்கிறார்கள். சிறு போன்சாய்த் தொட்டியில் தானாக வருவது அரிது. பெரிய டப்பில் ஏறி இறங்கும் தண்ணீரில் பல வருஷம் வைத்தால் ஒன்றிரண்டு எழும்பலாம். செயற்கையாகவும் செய்யலாம்: தையில் மண் மாற்றும்போது, பென்சில் பருமன் உள்ள பக்கவேர் ஒன்றை வில்போல மேலே வளைத்து, வளைவின் முதுகு மண்ணுக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் தெரியும்படி, இரு கால்களையும் கம்பிக் கொக்கியால் அழுத்திப் புதைத்துவிடுங்கள். வேர் பருக்கும்போது அந்த வளைவு முட்டிபோல உருண்டு வரும். அடிமரத்தை ஒட்டியே வைக்காமல் கொஞ்சம் தள்ளி, ஒன்றுக்கொன்று வேறு வேறு உயரத்தில் மூன்று போதும். ஒரு டஜன் வைத்தால் கண் அங்கேயே நின்றுவிடும், அடிமரத்துக்குப் போகாது.

கம்பி கட்டவும் தட்டை உச்சியின் கிளைப் பிரிவைப் பழகவும் இவ்வளவு வருஷம் காத்திருக்க வேண்டாம். நம் கடற்கரை முழுக்கச் சவுக்கு இருக்கிறது. தேவனாம்பட்டினம் பக்கத்து நர்சரியில் கேட்டால் குறைந்த விலைக்கே கன்று கொடுத்துவிடுவார்கள். அதற்கு ஓய்வுக்காலம் வேண்டாம், உப்புக்காற்றும் பொருட்டில்லை. நாலைந்து சவுக்கில் கைப்பழக்கம் பண்ணிக்கொண்டால் சைப்ரஸை வெட்டும் நாளில் கை நடுங்காது.

தொட்டி கடைசி வேலை. கிளைகள் நிலைத்து, காயங்கள் பெரும்பாலும் மூடியபிறகு வாங்கினால் போதும். வில்லியனூர்ச் சுடுமண் தொட்டி வளர்ப்புக் காலத்துக்கு அருமையானது, ஆனால் தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுவதால் நம் உப்பு நீரில் சுவரெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். நிரந்தரத் தொட்டிக்கு உயர்ந்த சூட்டில் சுட்ட ஸ்டோன்வேர் நல்லது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கைவேலை நம் பகுதியில் வேரூன்றியிருக்கிறது. புதுச்சேரி, ஆரோவில் பக்கம் பட்டறைகளில் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லலாம். நீள்வட்டமாக, ஆழம் குறைவாக, மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளம் இருக்கும்படி, மங்கிய பழுப்பிலோ சாம்பல் பச்சையிலோ கேளுங்கள். அடியில் வடிதுளைகளோடு கம்பி கோத்துக் கட்ட இரண்டு சின்னத் துளையும் போடச் சொல்லுங்கள், தட்டை உச்சி மரம் காற்றில் ஆடும், வேரைக் கட்டாமல் நிற்காது. இந்தத் தையில் நீங்கள் செய்ய வேண்டியது, பையைக் கிழித்து, சுற்றிக்கொண்டிருக்கும் வேரை நறுக்கிப் பரப்பி, அகலமான வளர்ப்புத் தொட்டிக்கு மாற்றுவது. உச்சியைத் தொட வேண்டாம்.